அத்திமரமும் ஆண்டறிக்கையும்

2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் தமிழகத்துப் பள்ளிகள் கோடை விடுமுறை முடிந்து திறந்தன. புதிய ஏடுகளுக்கு அட்டை போட்டுக்கூட முடிந்திராத அடுத்த வாரத்தில், 18, 19 ஆகிய நாட்களில், கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்துத் தெருக்களில் மெத்தனால் கலந்த சாராயம் வீடு வீடாகச் சாவை இறக்கியது. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் மிகப் பலர் அன்றாடக் கூலிகள். தாய், தந்தை இருவரையும் ஒருசேரப் பறிகொடுத்த பிள்ளைகளும் உண்டு. அத்தகைய பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 5,000 ரூபாய், 5 இலட்சம் ரூபாய் வைப்புத் தொகை, கல்விச் செலவு ஆகியவற்றை அரசு அறிவித்தது. பெற்றோருள் ஒருவரை இழந்த பிள்ளைகளுக்கு 3 இலட்சம் ரூபாய் வைப்புத் தொகை என்றது.

அரசு தன்னால் இயன்றதைப் பணத்தால் செய்தது. நாம் இங்கு வினவ விரும்புவது வேறொன்று. ஜூன் மாதத்தில் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியின் அலமாரியிலும் அவ்வாண்டுக்குரிய முன்னேற்ற இலக்குகளை எழுதிய கோப்பு ஒன்று இருக்கும். மூன்றாம் வகுப்பில் இத்தனை விழுக்காட்டினர் சரளமாக வாசிப்பர், ஐந்தாம் வகுப்பில் இத்தனை விழுக்காட்டினர் வகுத்தல் கணக்குப் போடுவர் என்று அதில் இருக்கும். பள்ளி திறந்த ஒன்பதாம் நாள் தந்தையை இழந்து, பதினைந்து நாள் கழித்து வகுப்பறைக்குத் திரும்பி, சன்னலோரம் வாயடைத்து அமர்ந்திருக்கும் எட்டு வயதுச் சிறுமிக்கு அக்கோப்பில் எந்தப் பக்கத்தில் இடம்? இடமில்லை என்றால், அது எவருக்காக எழுதப்பட்ட கோப்பு?

இவ்வினாவை அரசுப் பள்ளிகளை நோக்கி எறிந்துவிட்டுக் கைகழுவுவது எளிது. பிலாத்து முதல் நம் காலத்து அறிக்கையாளர் வரை பலரும் அதைத்தான் செய்தனர். நாம் இதை நம்மை நோக்கியே, மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் தொடக்கப் பள்ளிகளை நோக்கியே எழுப்புகிறோம்.

முதலில் சட்டம் கூறுவதைக் காண்போம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நீங்கலாக, பள்ளிதோறும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்றது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அக்குழுவே பள்ளி மேம்பாட்டுத் திட்டம் வகுக்க வேண்டும் என்பது 22ஆம் பிரிவு. அதன் விதிகளின்படி அது மூன்றாண்டுத் திட்டம்; ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் உட்திட்டம் உண்டு. வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் வருவர், இன்னும் எத்தனை ஆசிரியர் வேண்டும், எந்தக் கட்டடமும் கருவியும் வேண்டும், எவ்வளவு பணம் வேண்டும் என்பவை அதில் இடம்பெறும். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று விரிவாகக் கேட்கும் அவ்விதி, பிள்ளைக்கு என்ன வந்து சேர்ந்தது என்று கேட்பதில்லை என்பது நம் குறை. ஆயினும் திட்டத்தைத் தாயின் கையில் கொடுத்தது பெரிய செயல். பெற்றோரே முதன்மையான கல்வியாளர் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் கற்பித்ததை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து நாடாளுமன்றம் ஒருவாறு சட்டமாக்கியது எனலாம்.

நாம் என்ன செய்தோம்? விலக்குக் கேட்டோம். 2012ஆம் ஆண்டின் திருத்தம் சிறுபான்மைப் பள்ளிகளில் அக்குழு ஆலோசனை மட்டுமே கூறலாம் என்றாக்கி, திட்டம் வகுக்கும் கடமையிலிருந்தும் நம்மை விடுவித்தது. 2014 மே 6இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசியலமைப்பின் 30ஆம் உறுப்பைக் காட்டி, அச்சட்டமே சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது எனத் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வொன்று அத்தீர்ப்பில் ஐயம் தெரிவித்து, பெரிய அமர்வு ஆராயட்டும் என்றபோது நம் மேலாண்மைக் கூட்டங்களில் எழுந்த பதற்றத்தை நாம் அறிவோம். 30ஆம் உறுப்பு விலைமதிப்பற்ற உரிமை. அதைக் காக்க நாமும் வாதாடுவோம். ஆனால் கருணாபுரம் போன்ற ஒரு தெருவின் தாய், தன் மகள் ஏன் ஐந்தாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள் என்று கேட்கும்போது பதில் கூறாதிருப்பதற்காகவா அவ்வுரிமை நமக்குத் தரப்பட்டது?

பிறரைக் குறை கூறுமுன் நம் குற்றத்தை அறிக்கையிடுவது முறை. நாம் தாளாளராக இருந்த ஒரு தொடக்கப் பள்ளியில் (ஊரும் பெயரும் வேண்டா) ஆண்டாய்வுக்கு முன்னாள் பழைய கோப்புகளைப் புரட்ட நேர்ந்தது. தொடர்ச்சியாக நான்கு ஆண்டுகளின் திட்டங்கள். நான்கிலும் ஒரே வாக்கியம்: மாணவரின் வாசிப்புத் திறன் 80 விழுக்காட்டிலிருந்து 85 விழுக்காடாக உயர்த்தப்படும். ஆண்டு எண் மட்டும் மாறியிருந்தது. அந்த ஐந்து விழுக்காடு நான்கு ஆண்டுகளாக வந்துகொண்டே இருந்தது, வந்து சேரவில்லை. தலைமையாசிரியையை வினவினோம். "படிவத்தில் கேட்ட கட்டத்தை நிரப்பினோம் ஃபாதர். யாரும் திரும்பிக் கேட்டதில்லை" என்றார். நான்கு திட்டங்களின் அடியிலும் நம் கையொப்பம் இருந்தது. திரும்பிக் கேட்டிருக்க வேண்டியவர் யார் என்பதை அந்த அம்மையார் மரியாதை கருதிச் சொல்லாமல் விட்டார்.

இவ்விடத்தில் நம் உடன்பணியாளர் சிலர் குறுக்கிடுவர். கல்வி தொழிற்சாலையா, பிள்ளைகள் செங்கற்களா, ஆன்மாவை அளக்க இலக்கும் விழுக்காடும் எதற்கு என்பர். இவ்வாதம் முழுப் பொய்யன்று. அளவுகோலை வழிபட்ட பள்ளிகள் அடைந்த கதியை வரலாறு காட்டுகிறது. 1862இல் இங்கிலாந்தில் தேர்ச்சிக்கேற்ற மானியம் என்ற முறை நடைமுறைக்கு வந்தது. ஆய்வாளர் வருவார், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் தேறும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்குப் பணம். அதன் சாயல் சென்னை மாகாணத்திலும் பரவியது. மிஷன் பள்ளிகள் பலவும் அம்மானியத்தை நம்பி நடந்தன. தேறக்கூடிய பிள்ளை பொன்னாகவும் தேறாத பிள்ளை சுமையாகவும் கருதப்படுவதற்கு இதைவிட உறுதியான வழி வேறில்லை. 1904இல் கர்சன் பிரபுவின் ஆட்சி வெளியிட்ட கல்வித் தீர்மானமே அம்முறையைக் கைவிடத்தக்கது என்றது.

நம் காலத்திலும் அமெரிக்கா அதே குழியில் விழுந்தது. 2002 ஜனவரியில் அங்கே கையெழுத்தான சட்டம், 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்ச்சி பெற வேண்டும் எனவும், ஆண்டுதோறும் குறித்த அளவு முன்னேறாத பள்ளிகள் தண்டனைக்கு உள்ளாகும் எனவும் விதித்தது. சில மாநிலங்கள் தேர்வுகளை எளிதாக்கி முன்னேற்றம் காட்டின. அட்லாண்டா நகரில் ஆசிரியர்களே விடைத்தாள்களைத் திருத்தினர்; 44 பள்ளிகளில் 178 கல்விப் பணியாளர்கள் இதில் ஈடுபட்டதாக 2011இல் வெளியான அரசு விசாரணை கண்டது. 2015இல் பதினொருவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அச்சட்டமும் அவ்வாண்டு இறுதியில் மாற்றப்பட்டது.

ஆகவே அளவுகோலுக்கு அஞ்சுவோரை நாம் பழிக்கவில்லை. ஆனால் அவ்வச்சத்தைப் போர்வையாக்கிக்கொண்டு உறங்குவோரைப் பழிக்கிறோம். 'ஆன்மாக்களை உருவாக்குகிறோம்' என்று கூறிக்கொண்டே எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையை ஆறாம் வகுப்புக்கு அனுப்புவது பக்தியாகாது. அந்தப் பிள்ளை ஓரிரு ஆண்டில் பள்ளியை விடும். பின்பு எங்கே போகும் என்பது கருணாபுரத்தாருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் ஓர் அத்திமரம் வருகிறது. உரிமையாளர் மூன்றாண்டுகளாகக் கனி தேடி வருகிறார்; காணவில்லை; வெட்டிவிடச் சொல்கிறார். (நம் சட்டத்தின் திட்டமும் மூன்றாண்டுக்குரியது. சட்டம் இயற்றியோர் லூக்காவைப் படித்துத்தான் வகுத்தார்கள் என்று நாம் கூறவரவில்லை.) தோட்டத் தொழிலாளர் இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். அவர் கேட்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். அடுத்த ஆண்டு மரம் இத்தனை கனி தரும் என்று அவர் வாக்களிக்கவில்லை. தாம் என்ன செய்வார் என்பதையே கூறுகிறார்: சுற்றிலும் கொத்துவார், எரு இடுவார். ஆண்டு இலக்கு என்பதன் இலக்கணத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சி முகாமும் நமக்குக் கற்பித்ததில்லை. இலக்கு மரத்தின் மேல் சுமத்தப்படவில்லை. மண்வெட்டி பிடிக்கும் கையின் மேல் சுமத்தப்பட்டது. நம் பள்ளிகளின் ஏடுகளிலோ வாக்குறுதி அனைத்தும் மரத்தினுடையது. 85 விழுக்காட்டினர் வாசிப்பர் என்று பிள்ளைகள் சார்பில் நாம் வாக்களிக்கிறோம். எந்த ஆசிரியர், எந்தப் பிள்ளையோடு, எந்த மணிவேளையில், எதைக் கொண்டு அமர்வார் என்பது அங்கே இல்லை.

2022 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை இங்கே நேர்மையோடு குறிப்பிட வேண்டும். எட்டு வயதுக்குட்பட்ட அனைவரும் 2025க்குள் பிழையின்றி வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அதன் இலக்கு. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து, அவரவர் நிற்கும் இடத்திலிருந்து கற்பிக்க அது முயன்றது. இது கொத்துதலும் எரு இடுதலும்தான். ஆனால் 2025 வந்து போயிற்று. தன் பிள்ளை இன்னும் அரும்பிலேயே நிற்கிறான் என்று எத்தனை தாய்மார்க்கு நேரில் கூறப்பட்டது? நிலைகளுக்கு மலரின் பெயர் சூட்டினால் மட்டும் ஆயிற்றா?

மேற்கே கல்வராயன் மலைக்குச் சென்றால் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. வெள்ளிமலையைச் சுற்றிய மலையூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினருள் பலர், மரவள்ளியும் சாமையும் தரும் வருமானம் போதாமல், பிழைப்புத் தேடி ஆண்டின் சில மாதங்கள் வெளியூர்களுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் செல்கின்றனர். பிள்ளைகளும் உடன் செல்வதுண்டு. ஜூனில் நூறு விழுக்காடு சேர்க்கை என்று எழுதிய பள்ளியில் சனவரியில் பாதி இருக்கை காலி. ஆண்டு முடிவில் செய்யும் மீளாய்வு இதை எண்ணிக் காட்டும், திருத்தாது. ஏப்ரலில் கூடும் மீளாய்வு பிணக்கூறாய்வு போன்றது. காரணம் தெரியும், ஆள் இரான். கருணாபுரத்து ஜூன் நமக்குக் கற்பித்ததும் இதுவே. ஒன்பதாம் நாளில் உலகம் புரண்டுவிட்டால் பத்தாம் நாளில் திறந்து திருத்தி எழுத முடியாத ஏடு திட்டமாகாது.

ஆசிரியர் தரப்பில் நியாயம் உண்டு என்பதை மறைக்க மாட்டோம். ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளியில், ஒருவர் இணையதளத்தில் விவரம் ஏற்றிக்கொண்டிருக்க மற்றவர் ஐந்து வகுப்பையும் மேய்க்கிறார். அவரிடம் இன்னொரு படிவத்தை நீட்டுவது கொடுமை. ஆகவே நாம் கேட்பது படிவமன்று. வகுப்பாசிரியரின் கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். பருவத்துக்கு ஒருமுறை மூன்று வரி: இப்போது எங்கே நிற்கிறாள், ஏன், அடுத்த பருவத்தில் நாங்கள் என்ன செய்யப்போகிறோம். 'நாங்கள்' என்பதில் தாளாளரும் அடங்குவார். பணியிடம் நிரப்பப்படவில்லை எனில், பங்கின் நிதியிலிருந்து மாலை வகுப்புக்கு ஓர் இளைஞரையோ இளம் பெண்ணையோ அமர்த்தினாரா என்பதும் அவ்வேட்டில் இருக்கட்டும். கோபுரத்துக்கு வண்ணம் பூசப் பணம் கிடைக்கும் பங்கில் இதற்குக் கிடைக்காதா?

சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. எனவேதான் இதைச் செய்யும் தகுதி நமக்கு இருக்கிறது. கட்டாயத்தால் செய்வதில் என்ன சாட்சியம்? பெற்றோர் குழுவை ஆலோசனைக் குழுவாக அன்றி, கேள்வி கேட்கும் அவையாக அமர்த்துவோம். பருவத்துக்கு ஒருமுறை, ஆண்டில் மூன்று தடவை, அந்த நோட்டை அவரவர் பெற்றோருக்கு நாமே வாசித்துக் காட்டுவோம். பாட்டியிடம் வளரும் பிள்ளையெனில் பாட்டிக்கு. சென்ற பருவத்தில் செய்வோம் என்று கூறிச் செய்யாததை முதலில் வாசிப்போம்.

அக்கூட்டத்தை வார நாளின் முற்பகல் பதினொரு மணிக்கு வைக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். அந்நேரத்தில் வருவதற்கு ஒரு தாய் ஒருநாள் கூலியை இழக்கிறாள். மாலை ஏழு மணிக்கு, அவர்கள் வேலை முடிந்து வந்தபின், அவர்கள் தெருவிலேயே வைப்போம். நாற்காலிகளைப் பள்ளியிலிருந்து நாம் எடுத்துச் செல்லலாம்.