தப்பைச் சொல்லும் மெக்கானிக்

போன மாதம் ஸ்கூட்டரை ஆயில் மாற்ற விட்டிருந்தேன். கெங்கவல்லியில் பஸ் போகிற ரோட்டோரம் சின்னக் கடை. நடத்துகிற தம்பிக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது போன் வந்தது.

"ஐயா, ஒரு தப்பு பண்ணிட்டனுங்க. டிரெய்ன் போல்ட்டை இறுக்கறப்ப மரை போயிருச்சுங்க. ஆத்தூர் லேத்துல குடுத்துப் புது மரை போட்டுத் தர்றனுங்க. செலவு என்னுதுங்க. நாளைக்குச் சாயங்காலம் வாங்க."

சென்னையில் இருக்கும் மகனிடம் இதைச் சொன்னேன். "ஒரு போல்ட்டை ஒழுங்கா முறுக்கத் தெரியாதவன்கிட்ட இனிமே ஏம்ப்பா வண்டியை விடறீங்க, வேற கடை பாருங்க" என்றான். இனிமேல் அந்தக் கடையைத் தவிர வேறு கடைக்கு வண்டியை விட மாட்டேன் என்றேன். வயசானால் பிடிவாதம் வந்துவிடும் என்று அவன் நினைத்திருப்பான். போனில் விளக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அலுமினிய என்ஜினில் இரும்பு போல்ட்டை முறுக்கி மரை போவது யாருக்கும் நடக்கும். பலர் என்ன செய்வார்கள் தெரியுமா? போல்ட்டில் நூலையோ டேப்பையோ சுற்றி, மேலே பசையைத் தடவி, துடைத்துப் பளபளவென்று கையில் கொடுத்துவிடுவார்கள். பத்து நாள் ஒழுகாது. பதினோராவது நாள் தம்மம்பட்டி ரோட்டில் போகும்போது போல்ட் எங்கேயோ விழும், ஆயில் கொட்டும், என்ஜின் பிடித்துக்கொள்ளும். கேட்டால் "நீங்க ஸ்பீடு பிரேக்கர்ல அடிச்சிருப்பீங்க" என்று பதில் வரும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அந்தத் தொழிலில்தான் இருந்தேன். பட்டறையில் சில வருஷம், பிறகு பஸ் டிப்போவில், 2012ல் ஓய்வு பெறும்வரை.

மெக்கானிக்குகள் தாங்கள் செய்த கூத்தைச் சொல்லவே மாட்டார்கள் என்றில்லை. டீக்கடையில் உட்கார்ந்தால் நாங்கள் பேசுவதெல்லாம் அதுதான். என்னுடையதில் பிரபலமானது குளவிக் கதை. 1974 கோடை. கூடமலைப் பக்கம் ஒரு கிணற்றில் ஐந்து குதிரைச் சக்தி ஆயில் என்ஜின். ஸ்டார்ட் செய்தால் பத்து நிமிஷம் ஓடும், இருமும், நின்றுவிடும். ஏர் பிடித்திருக்கிறது என்று ஏர் எடுத்தேன். மறுபடி பத்து நிமிஷம். பில்டர் மாற்றினேன். நாசிலைக் கழற்றினேன். கடைசியில் பம்பையே கழற்றி, சாக்கில் சுற்றி, பஸ்ஸேறி ஆத்தூர் கொண்டுபோய் டெஸ்ட் செய்து கொண்டுவந்தேன். இரண்டு நாள். வயலில் மஞ்சள் வாடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை அந்த வீட்டுப் பாட்டி, டீசல் இருக்கிறதா பார்க்கலாம் என்று டேங்க் மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே போன சத்தம் கேட்டது. மூடியைத் திறந்தபடியே வைத்து ஓட்டினால் என்ஜின் நிற்கவே இல்லை. மூடியில் காற்றுப் போக ஊசித்துளை ஒன்று இருக்கும். அதில் குளவி மண் பூசிக் கூடு கட்டியிருந்தது. காற்று உள்ளே வராவிட்டால் டீசல் எப்படிக் கீழே இறங்கும்? பாட்டி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஏஞ்சாமி, குளவியைக் கேட்டிருந்தா அதுவே சொல்லியிருக்குமே!"

அம்பாஸிடரில் பிளக் ஒயரை மாற்றிச் சொருகாத மெக்கானிக் எங்கள் காலத்தில் கிடையாது. வெடிக்கும் வரிசை 1-3-4-2. ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றும். அதை மறந்து நேர்சுற்றாகச் சொருகிவிட்டால் ஒன்றும் நாலும் சரியாக விழும், இரண்டும் மூன்றும் இடம் மாறிவிடும். வண்டி பேய் பிடித்த மாதிரி ஆடும், கார்புரேட்டரில் பட்டாசு வெடிக்கும். கோவை ஜி.டி. நாயுடு இளம் வயதில் ஒரு வெள்ளைக்காரரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கிப் பிரித்துப் பூட்டியதைப் பெருமையாகச் சொல்கிறோம். பூட்டி முடித்தபோது கையில் எத்தனை நட்டு மீந்தது என்று யாரும் கேட்டதில்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

இந்த மாதிரிக் கதைகளை ஏன் சிரித்துக்கொண்டு சொல்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். இவற்றில் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. நஷ்டம் வந்த கதைகளை டீக்கடையில் யாரும் சொல்வதில்லை. நானும் 1978ல் நடந்த ஒன்றை நாற்பது வருஷத்துக்கு மேல் வீட்டில்கூடச் சொல்லாமல் இருந்தேன்.

அப்போது ஆத்தூரில் ஒரு பட்டறையில் இருந்தேன். வயது இருபத்து நாலு. கிழங்கு மில்லுக்காரர் ஒருவருடைய அம்பாஸிடர் சர்வீசுக்கு வந்தது. மறுநாள் பெண் பார்க்க சேலம் போகிறார்கள், இன்று ராத்திரிக்குள் வேண்டும் என்றார்கள். எனக்கு எடுபிடியாக ஒரு பையன், பதினாலு வயது. ஆயிலை இறக்கி டிரெய்ன் போல்ட்டை முறுக்கியது அவன். பில்டர் மாற்றியது நான்.

அந்த வண்டியில் பில்டர் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கும். கிண்ணத்தின் வாய் உட்காரும் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம். புது பில்டரோடு புது வளையம் வரும். பழையதை ஊசியால் நெம்பி எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். பழையது சூட்டில் இறுகிக் கறுத்துப் பள்ளத்தோடு ஒட்டிக் கிடக்கும். பார்த்தால் இரும்பு மாதிரியே தெரியும். விரலை விட்டுத் தடவிப் பார்த்தால்தான் தெரியும். நான் தடவவில்லை. ராத்திரி எட்டு மணி, கையில் நாற்பது வாட்ஸ் பல்பு, கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். பழைய வளையத்தின் மேலேயே புதியதை வைத்து இறுக்கிவிட்டேன். ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் விட்டுப் பார்த்தேன். சொட்டு ஒழுகவில்லை. நின்ற இடத்தில் ஒழுகாது, அதுதான் அதன் கெட்ட குணம். ரோட்டில் ஏறி வேகம் பிடித்து ஆயில் பிரஷர் ஏறும்போது மேல் வளையம் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

வாழப்பாடிக்குப் பக்கத்தில் என்ஜின் பிடித்துக்கொண்டது. சம்பில் ஆயிலே இல்லை. பெண் பார்க்கப் போனவர்கள் நடுரோட்டில் வெயிலில் நின்று, கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போனார்கள். வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். முதலாளி கழற்றிப் பார்க்கச் சொன்னார். நான்தான் கழற்றினேன். கிண்ணத்தை இறக்கியதும் பிதுங்கிய வளையமும் பள்ளத்தில் பழைய வளையமும் தெரிந்தன. யாரும் பக்கத்தில் இல்லை. பழையதை நெம்பி எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

"என்னடா ஆச்சு?" என்று முதலாளி கேட்டார். "டிரெய்ன் போல்ட் லூஸா இருந்திருக்கும்போல. அதைப் பையன் முறுக்கினான்" என்றேன்.

இவ்வளவுதான் சொன்னேன். பையனுக்கு இரண்டு அறை விழுந்தது, அன்றோடு வேலையும் போனது. அவன் அழக்கூட இல்லை, என் முகத்தையே பார்த்தான். கிராங்க், பேரிங் எல்லாம் போய்விட்டிருந்தது. செலவை முதலாளியும் வண்டிக்காரரும் சண்டை போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் அந்த வளையத்தைச் சுவேத நதி மணலில் எறிந்தேன்.

டிப்போவில் இருந்த காலத்தில் விமான விபத்து விசாரணைகளைப் பற்றிப் படிக்கும் பழக்கம் வந்தது. அதில் ஒன்று என்னைத் தூக்கிவாரிப் போட்டது. 1983 மே 5, மயாமியிலிருந்து பஹாமாஸ் போகும் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம், 172 பேர். மூன்று என்ஜின். ஆயிலில் இரும்புத்தூள் வருகிறதா என்று பிடித்துக் காட்டும் காந்தத் திருகை இரவோடு இரவாக மூன்றிலும் மாற்றியிருக்கிறார்கள். திருகில் ரப்பர் வளையம் வேண்டும். எப்போதும் வளையம் மாட்டியே கைக்கு வருமாம். அன்றைக்கு ஸ்டோரிலிருந்து வளையம் இல்லாமல் வந்தது. இருக்கும் என்ற நினைப்பில் மாட்டிவிட்டார்கள். மூன்று என்ஜினிலும் ஆயில் ஒழுகிப்போனது. ஒன்றை விமானியே நிறுத்தினார், மற்ற இரண்டும் தானாக நின்றன. கீழே கடல். முதலில் நிறுத்தியதை மறுபடி ஓடவைத்து, அந்த ஒன்றை வைத்துக்கொண்டே மயாமியில் இறக்கிவிட்டார்கள். யாரும் சாகவில்லை. அங்கே ஒரு வளையம் குறைந்தது, என்னிடம் ஒன்று கூடிப்போனது.

விசாரித்தவர்கள் அந்த மெக்கானிக்குகளின் தப்பைச் சொன்னதோடு நிற்கவில்லை. இதே திருகினால் அதே கம்பெனியில் முன்பே பல தடவை இப்படி நடந்திருக்கிறது, அதை நிர்வாகம் ஏன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று கேட்டார்கள். அமெரிக்காவில் 1976லிருந்து இன்னொரு ஏற்பாடும் உண்டு. விமானியோ மெக்கானிக்கோ தெரியாமல் செய்த தப்பைப் பத்து நாளுக்குள் எழுதி அனுப்பலாம். நாசா அதைப் பெயரை எடுத்துவிட்டுச் சேர்த்து வைக்கிறது. அனுப்பியவருக்குத் தண்டனையில் சலுகை உண்டு, விபத்துக்கும் குற்றத்துக்கும் மட்டும் கிடையாது. விமானத்துக்குச் சரி, ஆத்தூர்ப் பட்டறைக்கு இது ஆகுமா என்பீர்கள். அந்த ஏற்பாடெல்லாம் வேண்டாம். தப்பைச் சொன்னவனை அடிக்காமல் இருந்தால் எங்கள் பட்டறைக்கு அதுவே போதுமாயிருந்திருக்கும்.

"தப்பைச் சொன்னா பொழப்பு போயிரும்" என்று இன்றும் மெக்கானிக்குகள் சொல்கிறார்கள். அது பொய் இல்லை. ஒரு கிராங்க் மாற்றும் செலவுக்கு முன்னால் சின்னக் கடைக்காரனின் ஒரு மாதக் கூலி ஒன்றுமே இல்லை. மூடி மறைப்பது அவன் ஒருவனுடைய கெட்ட புத்தி மட்டும் அல்ல. தப்பு என்று வாயெடுத்ததும் கத்தி, பணம் தர மாட்டேன் என்று சொல்லி, ஊரெல்லாம் தமுக்கடிக்கிற நாமும்தான் காரணம். அதனால் ஸ்கூட்டர்க்காரத் தம்பியிடம் லேத் கூலியில் பாதியை நீட்டினேன். வேண்டாம் என்றான், சட்டைப் பையில் திணித்துவிட்டு வந்தேன். எல்லோரையும் இப்படி மன்னிக்கச் சொல்லவில்லை. குடித்துவிட்டு வீல் நட்டு முறுக்குகிறவனையும், காதில் போனை வைத்துக்கொண்டு பிரேக் ஷூ மாட்டுகிறவனையும் கடையை விட்டே விரட்ட வேண்டும். நான் பேசுவது கவனமாக வேலை செய்து தவறியவனைப் பற்றி.

கேட்டு வாங்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தப் பட்டறையானாலும் கழற்றிய பழைய சாமான் அத்தனையையும் கேளுங்கள். வாஷர், வளையம், பேக்கிங் எல்லாம். புதிதாக மூன்று போட்டிருந்தால் பழையது மூன்று கைக்கு வர வேண்டும். இரண்டுதான் வந்தால் மூன்றாவது இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

இதை நான் கற்றது அந்தப் பையனிடம். பல வருஷம் கழித்து ஒரு வேலையாகத் திருச்செங்கோடு போனபோது, ரிக் வண்டிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் ஒரு கம்ப்ரஸர் பட்டறையில் பார்த்தேன். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது, சொந்தப் பட்டறை, கீழே நாலைந்து பேர். அவன்தான் என்னை முதலில் அடையாளம் கண்டான். "அண்ணா, கெங்கவல்லி அண்ணாதான?"

என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றேன். பிறகு சொல்லிவிட்டேன். டிரெய்ன் போல்ட் இல்லை, பில்டர் வளையம், நான்தான் என்று.

"தெரியுங்ண்ணா" என்றான். "போல்ட்டை நான் ரெண்டு தடவை முறுக்கிப் பார்த்தேன்."

அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, எனக்கும் வாய் வரவில்லை. ஒரு பையனைக் கூப்பிட்டு டீ வாங்கி வரச் சொன்னான். பக்கத்து மேஜையில் எவர்சில்வர் தட்டு ஒன்று இருந்தது. அதில் கறுத்துப்போன பழைய ரப்பர் வளையங்கள். வண்டிக்காரர் ஒருவர் வந்து நின்றதும் தட்டை அவர் பக்கம் தள்ளி, விரலால் ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணிக் காட்டினான். ஆறு. புதிதாகப் போட்டதும் ஆறு. டீ வந்தது, குடித்துவிட்டுக் கிளம்பினேன்.