சொந்த மண்ணில் பெயர் இழந்தவர்கள்

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவு யாருடைய மண் தெரியுமா? லெனாப்பே என்ற செவ்விந்தியருடைய மண். நியூஜெர்ஸி முழுவதும், பென்ஸில்வேனியாவின் கிழக்குப் பகுதியும், டெலாவேரின் வடபகுதியும் அவர்களுடையவை. அதற்குத் தெற்கே நான்டிகோக் இனத்தார் வாழ்ந்தனர். வெள்ளையர் வந்தனர், இவர்கள் மேற்கேயும் வடக்கேயும் விரட்டப்பட்டனர். சரித்திரப் புத்தகம் அத்துடன் கதையை முடித்துவிடும்.

ஆனால் எல்லோரும் போய்விடவில்லை. நியூஜெர்ஸியில் பிரிட்ஜ்டன், டெலாவேரில் செஸ்வோல்டு, மில்ஸ்பரோ ஆகிய மூன்று ஊர்களைச் சுற்றி இரு இனத்தாரும் தங்கிவிட்டனர். தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து, பெண் எடுத்து, பயிர் செய்து, சொந்தமாகச் சர்ச்சும் கட்டிக்கொண்டு வாழ்ந்தனர்.

அவர்களுக்குத் தொல்லை சர்க்கார் பேனாவால் வந்தது. ஆள் வெள்ளையரா, கறுப்பரா என்பதுதான் அங்கே கேள்வி. 1855-ல் டெலாவேரில் லெவின் சாக்கம் என்ற நான்டிகோக் வியாபாரி, தம்மவரான ஐசக் ஹார்மனுக்கு வெடிமருந்து விற்றார். கறுப்பருக்கும் கலப்பினத்தவருக்கும் அதை விற்பது அன்று குற்றம். ஹார்மன் கலப்பினத்தவர் என்று கோர்ட் தீர்த்தது. சாக்கம் குற்றவாளியானார். நிறத்தைத் தீர்மானிக்க ஒரு கோர்ட்!

1881-ல் டெலாவேர் சட்டசபை நான்டிகோக் மக்களைத் தனிக் கூட்டத்தாராக ஏற்றது. தங்கள் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் நடத்த அதனால் வழி பிறந்தது. செஸ்வோல்டு லெனாப்பேயரோ 2016 வரை காத்திருக்க நேர்ந்தது.

நியூஜெர்ஸி கதை இன்னும் விசித்திரம். 1982-ல் சட்டசபைத் தீர்மானம் பிரிட்ஜ்டன் மக்களை அங்கீகரித்தது. முப்பது ஆண்டு கழித்து, 2012-ல், அங்கீகாரம் பெற்ற இனம் எதுவும் தங்கள் ராஜ்யத்தில் இல்லை என்று ஓர் அதிகாரி மத்திய சர்க்காருக்கு எழுதினார்! இவர்கள் சூதாட்ட விடுதி திறந்துவிடுவார்களோ என்ற பயமே காரணம் என்பது இனத்தாரின் புகார். அவர்கள் சட்டமோ சூதாட்டத்தையே தடுக்கிறது.

இதை வெறும் கௌரவப் பிரச்னை என்று நினைக்கக் கூடாது. அங்கீகாரம் இல்லாவிட்டால் தாங்கள் செய்த கைவினைப் பொருளைச் 'செவ்விந்தியர் செய்தது' என்று சொல்லி விற்க முடியாது, மானியங்களும் போய்விடும். 2015-ல் வழக்குத் தொடுத்தனர். 2018 நவம்பரில் ராஜ்ய சர்க்கார் சமரசத்துக்கு வந்தது. அங்கீகாரம் உறுதியாயிற்று, 24 லட்சம் டாலரும் கிடைத்தது.

வாஷிங்டன் சர்க்காரின் அங்கீகாரம் மட்டும் மூன்று ஊராருக்கும் கிடைக்கவில்லை. நாட்டை விட்டு விரட்டப்பட்டு ஒக்லஹோமா போய்ச் சேர்ந்த லெனாப்பேயருக்கு அது உண்டு.