குளிர்ச்சி நமக்கு, வெப்பம் யாருக்கு?

வீட்டைக் குளிர்விப்பது அவரவர் சொந்த விஷயம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். வலியசாலையில் குடிக்கூலிக்கு அறை பிடித்துத் தங்கிப் படிக்கும் எனக்கு அந்த எண்ணம் தவறாகப்படுகிறது. அது தெருவின் பொது விஷயம் என்பதே என் துணிபு.

பௌதிக மாணவன் என்ற முறையில் ஓர் எளிய உண்மையை நினைவூட்டுகிறேன். ஏ.சி. இயந்திரம் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுவே 'ஒரு டன்' இயந்திரத்தின் ஆற்றல். முழு வேகத்தில் ஓடும்போது அது அறையிலிருந்து சுமார் 3,500 வாட் வெப்பத்தை இறைக்கிறது. இறைக்கும் கூலியாகச் சுமார் 1,000 வாட் மின்சாரத்தை உண்கிறது. ஆக மொத்தம் 4,500 வாட் வெளியே வந்து விழுகிறது. எங்கே விழுகிறது? அடுத்த வீட்டுத் திண்ணையில்!

வலியசாலை அக்கிரகாரத்தின் அமைப்பை நண்பர்கள் அறிவார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்; பக்கவாட்டில் இடைவெளி கிடையாது. இயந்திரத்தின் வெளிப்பெட்டியை மாட்ட வாசற்புறம் அல்லது கொல்லைப்புறம்தான் உண்டு. மாலையில் காற்று வாங்கத் திண்ணையில் அமரும் முதியவர் முகத்தில் அனற்காற்று அடிக்கிறது. அவர் கதவைச் சாத்துகிறார். மறு கோடையில் அவர் வீட்டிலும் ஒரு பெட்டி ஏறுகிறது. இப்படியே தெரு முழுவதும்!

இதே வீடுகள் ஒரு காலத்தில் இயந்திரமின்றிக் குளிர்ந்தன. வாசலில் நின்றால் கொல்லை தெரியும். காற்றுக்கு அது நேர்வழி. சூடான காற்று மேலெழுந்து முற்றத்தின் வழியாகவும் ஓட்டு இடுக்குகளின் வழியாகவும் வெளியேறும். இன்றோ பல வீடுகளில் முற்றத்தை மூடிவிட்டோம். ஓட்டை இறக்கிக் கான்கிரீட் போட்டுவிட்டோம். அது பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவெல்லாம் நம் தலைமேல் உமிழ்கிறது. இவ்வூரில் வெயிலைவிடப் புழுக்கமே கொடிது. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். அதற்கு ஓடும் காற்று வேண்டும். இந்நகரில் வாழ்ந்து 2007-ல் மறைந்த லாரி பேக்கர், செங்கற்சுவர்களில் துளைகள் விட்டே காற்றை வரவழைத்தார். அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம் இன்றும் இந்நகரில் அதற்குச் சான்றாக நிற்கிறது.

"கோடை முன்போல் இல்லையே! நோயாளியும் குழந்தையும் என்ன செய்வார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இயந்திரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2024 மே மாதத்தை மறக்கலாமா? கேரளத்தின் மின்தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டிற்று. பல இடங்களில் இரவில் மின்சாரம் நின்றது. ஏ.சி. வைத்திருந்தவரோடு, விசிறி ஒன்றே கதியென்று இருந்த ஏழையும் சேர்ந்து வெந்தான். அவன் செய்த பிழை என்ன?

ஆகவே, முதலில் வீட்டைச் செப்பனிடுவோம். பிறகு இயந்திரத்தை எண்ணுவோம். வாங்கியே தீரவேண்டுமாயின், வெளிப்பெட்டியைப் பிறர் ஜன்னலுக்கும் திண்ணைக்கும் நேராக மாட்டாதிருப்போம். 2020 முதல் இயந்திரங்கள் 24 டிகிரியில் தொடங்குமாறே அமைக்கப்படுகின்றன. அதைக் கீழே இறக்காதிருப்போம். "வருஷா வருஷம் கேஸ் நிரப்ப வேண்டும்" என்று யாரேனும் சொன்னால் நம்பவேண்டாம். மூடிய குழாயில் சுற்றும் வாயு தானே தீராது. குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே. அதிலும், பல இயந்திரங்களில் உள்ள ஆர்-410ஏ என்னும் வாயு, எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 2,000 மடங்கு பூமியைச் சூடாக்க வல்லது. பழுது பார்க்க வரும் தொழிலாளி கசிவைத் தேடி அடைக்க நேரம் கேட்டால் கொடுங்கள். அதற்குரிய கூலியையும் கொடுங்கள். மாடிச் சுவரில் பாதுகாப்புக் கயிறுமின்றித் தொங்கும் அவரை அவசரப்படுத்துவது மனிதத் தன்மையன்று.

"குடியிருப்பவர்கள் நாம், வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?" என்று தயங்கவேண்டாம். மூடிய முற்றத்தைத் திறக்கச் சொல்லிக் கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை. பணிவான ஒரு வார்த்தை போதும். பிழைக்கவும் படிக்கவும் வந்த ஊர் நமக்கு நிழல் தந்திருக்கிறது. அந்த ஊரின் தெருவில் நாம் அனலைக் கொட்டலாமா? தோழர்களே, சிந்தியுங்கள்!