துக்கச் செய்தியும் பயிற்சியாளரும்

2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து திருச்சி திரும்பிய தனலட்சுமி சேகர், தன் சகோதரி இறந்துபோன செய்தியை ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் கேட்டார். இந்தியக் கலப்பு ரிலே அணியின் மாற்று வீராங்கனையாகப் போயிருந்தவர் அவர். மகளின் கவனம் சிதறிவிடக் கூடாதென்று தாய் சொல்லாமல் இருந்துவிட்டார். விமான நிலையத்தில் மண்டியிட்டுக் கதறிய அந்தப் பெண்ணை நாடே பார்த்தது. ஒரு மகளைப் பறிகொடுத்த துயரத்தை இன்னொரு மகளின் ஓட்டத்துக்காக நெஞ்சுக்குள் பூட்டிவைத்த தாயைக் குறை சொல்ல எவருக்கும் தகுதி கிடையாது.

இரண்டாண்டு கழித்து, 2023 ஆகஸ்ட் 20 அன்று சிட்னியில் நடந்த மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தில் ஸ்பெயினின் ஓல்கா கார்மோனா போட்ட ஒரே கோல்தான் இங்கிலாந்தை வீழ்த்தியது. கோல் விழுந்ததும் சட்டையைத் தூக்கி உள்பனியனில் எழுதியிருந்த ஒரு பெயரைக் காட்டினார். அண்மையில் இறந்துபோன, தோழி ஒருத்தியின் தாயின் பெயர் அது. அதற்கு இரண்டு நாள் முன்பே தன் தந்தையும் கண்மூடிவிட்டது அவருக்குத் தெரியாது. குடும்பத்தார் முடிவுசெய்து மறைத்திருந்தார்கள். கோப்பையை வென்ற பிறகே சொன்னார்கள்.

இவை உலகறிந்த சம்பவங்கள். உலகறியாதவை நம் மாவட்ட, மண்டலப் போட்டிகளில் நடக்கின்றன. வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துப்போன பிள்ளையின் வீட்டிலிருந்து வரும் போன் பெரும்பாலும் பி.இ.டி. ஆசிரியருக்கோ விடுதிக் காப்பாளருக்கோதான் வரும். “ஃபைனல் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்” என்கிற வார்த்தை அங்கேதான் பிறக்கிறது. சொல்கிறவர் கெட்டவர் இல்லை. அவரும் கலங்கிப்போய்த்தான் நிற்கிறார். ஆனாலும் அந்த வார்த்தையை நாம் கைவிட வேண்டும் என்று இவ்விதழ் உறுதியாக நம்புகிறது. நம் ஊரில் சாவு வீடு நெடுநாள் காத்திருக்காது. ஐஸ் பெட்டியில் வைத்து, “பையன் வரட்டும், முகம் பார்க்கட்டும்” என்று ஓர் இரவு பொறுப்பார்கள். மறுநாள் பொழுது சாயுமுன் எடுத்துவிடுவார்கள். மகன் கொள்ளி வைக்க வேண்டும் என்று ஊரே எதிர்பார்க்கும். ஓர் அரையிறுதிக்காக அந்த நேரத்தை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டால் எதைக் கொடுத்தும் ஈடுகட்ட முடியாது. அது மட்டுமில்லை, தன்னிடம் பொய் முகம் காட்டிய மாஸ்டரை அந்தப் பிள்ளை மறுபடி நம்புமா?

உண்மையைச் சொல்லிவிட்டு முடிவை வீரரிடமே விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் உதாரணங்கள் உண்டு. 2019 ஜூனில் ஹிரோஷிமாவில் மகளிர் ஹாக்கித் தொடரின் அரையிறுதி நெருங்கியபோது மிசோரத்தைச் சேர்ந்த லால்ரெம்சியாமியின் தந்தை மாரடைப்பில் இறந்தார். அணி நிர்வாகம் அவரிடம் சொன்னது. ஊருக்குப் போகலாம் என்றது. அப்பா பெருமைப்படும்படி ஆடிவிட்டுப் போகிறேன் என்று அவர் தங்கினார். இறுதியாட்டத்தில் ஜப்பானை 3-1 என வென்ற அணி, கோப்பையை அவருடைய தந்தைக்கு அர்ப்பணித்தது. பத்தொன்பது வயதுப் பெண் தன் துக்கத்தைத் தோழியருக்குத் தெரிந்தே சுமந்தாள். தெரிந்ததால்தான் அவர்களால் பக்கத்தில் நிற்க முடிந்தது.

கிரிக்கெட் வீரர் முகமது சிராஜின் கதையை இன்னும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2020 நவம்பரில் ஆட்டோ ஓட்டி அவரை வளர்த்த தந்தை ஹைதராபாதில் இறந்தபோது, சிராஜ் சிட்னியில் தனிமைப்படுத்தலில் இருந்தார். ஊர் திரும்பலாம் என்று கிரிக்கெட் வாரியம் சொல்லியும் தங்கினார். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் சக வீரர்கள் போக முடியாதபடி வாசலில் காவல். கட்டியணைத்து ஆறுதல் சொல்ல ஒரு கை கிடையாது. சக வீரர்கள் மாறிமாறி வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டே இருந்தார்கள். சிகிச்சைக்காக உள்ளே போக அனுமதி இருந்த பிசியோ நிதின் படேல் மட்டும் அருகில் போய் உட்கார முடிந்தது. மெல்போர்னில் முதல் டெஸ்ட், பிரிஸ்பேனில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து விக்கெட், தொடரில் மொத்தம் 13 விக்கெட். ஊர் திரும்பியதும் விமான நிலையத்திலிருந்து நேரே தந்தையின் கல்லறைக்குப் போனார். நம் துறையினர் இதில் கவனிக்க வேண்டியது விக்கெட் கணக்கைவிட அந்த வீடியோ அழைப்புகளை. பெரிய ஆறுதல் மொழி எதுவும் தேவைப்படவில்லை. அவரைத் தனியாக விட்டுவிடக் கூடாது என்று அணி முழுக்க நினைத்தது.

இங்கே ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 2006 டிசம்பரில் தந்தை இறந்த மறுகணம் போலத் தில்லி ரஞ்சி அணிக்கு ஆட வந்து 90 ரன் எடுத்த பதினெட்டு வயது விராட் கோலி, 1999 உலகக் கோப்பையின் நடுவே தந்தையின் இறுதிச் சடங்குக்குப் போய்த் திரும்பி பிரிஸ்டலில் கென்யாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 140 எடுத்த சச்சின், தந்தையின் இறுதிச் சடங்குக்குப் போக முடியாமல் பெங்களூரு முகாமில் இருந்து, டோக்கியோ ஒலிம்பிக் ஹாக்கியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஹாட்ரிக் கோல் அடித்த வந்தனா கட்டாரியா. இந்தக் கதைகளை நாம் மைதானத்தில் அடிக்கடி சொல்கிறோம். சொல்வதில் தவறில்லை. “கோலியே ஆடினாரே, உனக்கென்ன?” என்று அதைத் திருப்பும்போதுதான் கொடுமை தொடங்குகிறது. திரும்பி வந்து முதல் பந்தில் ஆட்டமிழந்தவர்களின் கதை எந்தப் பத்திரிகையிலும் வராது. சச்சினைத் திருப்பி அனுப்பியது அவருடைய தாய். வாரியமோ பயிற்சியாளரோ இல்லை. அவர் ஊருக்குப் போயிருந்தபோது லெஸ்டரில் நடந்த ஆட்டத்தில் இந்தியா ஜிம்பாப்வேயிடம் மூன்றே ரன்னில் தோற்றது. தோற்றாலும் பரவாயில்லை, போய்வா என்று அனுப்பியதுதான் அந்த அணி செய்த நல்ல காரியம். 1993இல் தந்தை கொலையுண்ட சில மாதங்களில் மைக்கேல் ஜோர்டான் கூடைப்பந்தையே விட்டு விலகி, தந்தை ஆசைப்பட்ட பேஸ்பாலுக்குப் போனார். 1995இல்தான் திரும்பினார். ஆடாமல் இருந்த அந்தக் காலத்துக்காக அவரை யாரும் பலவீனமானவர் என்று சொன்னதில்லை. நம் பிள்ளைகளுக்கும் அந்த உரிமை வேண்டும்.

அனுப்புவதிலும் ஒரு முறை உண்டு. 2024 பிப்ரவரியில் ராஜ்கோட் டெஸ்டில் 500ஆவது விக்கெட் எடுத்த அன்றிரவே தாயின் உடல்நிலை மோசமானதாக அஸ்வினுக்குச் செய்தி வந்தது. கிளம்பு என்றார் கேப்டன் ரோகித் சர்மா. தனி விமானத்துக்கு ஏற்பாடானது. அணியின் பிசியோவையும் கூட அனுப்பினார். நல்லவேளையாகத் தாய் தேறினார், அஸ்வின் நான்காம் நாள் திரும்பிவந்து பந்துவீசினார். நம்மால் விமானம் அமர்த்த முடியாது. ஆனால் பேருந்து நிலையத்தில் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டு, “பார்த்துப் போ” என்று நடு இரவில் தனியாக ஏற்றிவிடாமல் இருக்கலாம். உதவிப் பயிற்சியாளரோ மூத்த வீரரோ யாராவது ஒருவர் வீட்டு வாசல்வரை கூடப் போக வேண்டும்.

கேதம் விசாரிக்க அணியே வேனில் போவதும், சீருடையில் நின்று மாலை போடுவதும் நம் வழக்கத்தில் இருக்கிறது. நல்ல வழக்கம். அதற்குப் பிறகுதான் நாம் காணாமல் போகிறோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவெல்லாம் கலைந்து, வீடு வெறிச்சோடும்போதுதான் பிள்ளைக்கு இழப்பு உறைக்கிறது. அப்போது மொட்டைத் தலையோடு மைதானத்துக்கு வருகிறவனை எப்படி நடத்துவது? தூக்கம் கெட்டிருக்கும், சாப்பாடு குறைந்திருக்கும், கவனம் நழுவும். இவை மூன்றுமே காயத்துக்கு வழி. பழைய பயிற்சிச் சுமையை முதல் நாளே ஏற்ற வேண்டாம். சிலர் எதிர்மாறாக, வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் இருட்டும்வரை ஓடிக்கொண்டே இருப்பார்கள். அதை ஈடுபாடு என்று மெச்சாமல், கூடவே இருந்து நிறுத்தி வீட்டில் விட்டு வாருங்கள். கறுப்புப் பட்டை, மௌன அஞ்சலி எல்லாம் அவர்களிடம் கேட்டபின்தான். வாரங்கள் கடந்தும் தூக்கமும் பசியும் திரும்பாவிட்டால், சாவைப் பற்றியே பேச்சு வந்தால், மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படக் கூடாது. கூலிக்குப் போன அப்பா இறந்த வீட்டில் அடுத்த மாதமே ஷூவும் முட்டையும் பேருந்துக் காசும் நின்றுபோகும். திறமையுள்ள பிள்ளைகள் துக்கத்தால் மட்டும் விளையாட்டை விடுவதில்லை, வேலைக்குப் போக வேண்டியிருப்பதாலும் விடுகிறார்கள். சங்கமும் பழைய மாணவர்களும் கைகொடுக்க வேண்டிய இடம் இதுதான். அதையும் மேடையில் சால்வை போட்டு, படம் பிடித்துக் கொடுக்கக் கூடாது.

அணியிலிருந்து நீக்க நேர்ந்தால்? நேரலாம். 2021இல் இரண்டே வாரத்தில் தாயையும் சகோதரியையும் கொரோனாவுக்குப் பறிகொடுத்த கிரிக்கெட் வீராங்கனை வேதா கிருஷ்ணமூர்த்தி இங்கிலாந்துத் தொடருக்குத் தேர்வாகவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லையே என்றுதான் ஆஸ்திரேலியாவின் முன்னாள் கேப்டன் லிசா ஸ்தலேகர் வெளிப்படையாகக் கேட்டார். பிறகு வாரியச் செயலாளர் அழைத்துப் பேசினார், வேதாவும் நன்றி சொன்னார். நீக்கம் சரியாகவே இருந்திருக்கலாம். அந்த அழைப்பு முதலிலேயே போயிருக்க வேண்டும்.

பருவத் தொடக்கத்தில் பெற்றோர் சம்மதக் கடிதம் வாங்கும் நாளிலேயே இதைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். வீட்டில் ஏதாவது ஆனால் எனக்கு யார் போன் செய்வீர்கள்? போட்டி நடுவில் இருந்தாலும் உடனே சொல்லலாமா? விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். பதிலை எழுதி அந்தக் கடிதத்தோடு சேர்த்து வைத்து, வெளியூர் கிளம்பும்போது முதலுதவிப் பெட்டியோடு எடுத்துப் போங்கள். இருவர் ஊர் திரும்புவதற்கான பயணச் செலவும் அதனோடு இருக்க வேண்டும்.