மண் நம்முடையது, ஆராய்ச்சி யாருடையது?

அரியலூர் என்றால் சிமெண்டு, பெரம்பலூர் என்றால் பருத்தியும் மக்காச்சோளமும் என்பார்கள் பலர். ஆராய்ச்சி உலகத்தைக் கேட்டுப் பாருங்கள். வேறு பதில் வரும்!

1862ஆம் ஆண்டிலேயே பிளான்போர்டு எனும் நிலவியல் அறிஞர், இந்த வட்டாரத்துப் பாறைத் தொகுதி ஒன்றுக்கு அரியலூர் என்றே பெயரிட்டார். சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் மரத்தை 1940இல் எம்.எஸ்.கிருஷ்ணன் உலகுக்குக் காட்டினார்.

பெயர் நம்முடையது, மண்ணும் நம்முடையது. அதை ஆராய்ந்து பட்டம் பெறுவோரில், அந்தச் சுண்ணாம்புக்கல்லை வெட்டுகிறவனின் பிள்ளைகள் எத்தனை பேர்?

"தகுதி இருந்தால் வரட்டுமே" என்கிறார்கள். தகுதியா? குழுமூரில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றாரே, அது தகுதி இல்லையா? நீட் தேர்வு கதவைச் சாத்தியது. 2017 செப்டம்பர் 1ஆம் நாள் அவரை இழந்தோம்.

அதற்குப் பிறகுதான் 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் ஆகியவற்றிலும் வந்தது. அவர்களுடைய கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள்.

விடுதிக் கட்டணம் எதற்கு என்று கேட்பவர் உண்டு. செந்துறையிலிருந்து கிண்டிக்குப் போகும் பையன் வகுப்பறையில் மட்டுமா வாழ்கிறான்? மூன்று வேளை சோறு வேண்டும், படுக்க இடம் வேண்டும், புத்தகம் வேண்டும். இடம் கிடைத்தும் சாப்பாட்டுப் பணம் கட்ட வழியின்றித் திரும்பினால், அந்த இடம் காகிதத்தில் எழுதிய சர்க்கரை!

ஆனால் இந்த ஒதுக்கீடு தொழிற்படிப்புகளோடு நிற்கிறது. 1982இல் திருச்சியில் எழுந்த பாரதிதாசன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில், முதுகலை அறிவியல் படித்து ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் கூலிக்காரன் மகளுக்கு இது எட்டாது. பட்டம் வாங்கியதும் வேலைக்குப் போ என்று வீட்டு வறுமை இழுக்கிறது. ஆராய்ச்சிக்கோ இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகளுக்கும் சோறும் விடுதியும் தருவதே அடுத்த கோரிக்கை.

தோழர்களே! கோரிக்கை மட்டும் போதாது. உங்கள் ஊரில் பிளஸ் டூ முடித்த பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள். விண்ணப்பம் போட்டாயா, சான்றிதழ்கள் வாங்கினாயா, விடுதிக்கு எழுதினாயா என்று கேளுங்கள். தெரியாமல் இழக்கும் இடமும் இழப்புதான்!

கல்லை வெட்டியது போதும். கல்லைப் படிக்கவும் நம் பிள்ளைகள் போகட்டும்!