மூச்சு வாங்கிய பேரன்



சென்ற கோடையில் ஒருநாள் மாலை காயல்பட்டினத்திற்குச் சென்றிருந்தோம். ஐக்கிய விளையாட்டுச் சங்க மைதானத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவுச் சுழற்கோப்பைக் கால்பந்துப் போட்டியைப் பார்க்கவேண்டுமென்று நம் பங்கு இளைஞர் இருவர் வற்புறுத்தியதால் அவர்களோடு நாமும் போனோம். அந்திக் காற்றில் ஊரே திரண்டிருந்தது. முதியவர்கள் முதல் சிறுவர்கள் வரை, யார் எப்படி ஆடினார் என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கால்பந்து அவ்வூரில் இளைஞரின் பொழுதுபோக்காக மட்டும் இல்லை. குடும்பத்துக் காரியமாகவே இருக்கிறது.

ஆட்டம் முடிந்தபின், ஓரமாக ஆடிக்கொண்டிருந்த சில பையன்கள் நம்மோடு வந்தவர்களையும் அழைத்தார்கள். அவர்களுள் ஒருவனுக்கு வயது 17. பத்து நிமிடம் ஓடியிருப்பான். விலாவைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான். மூச்சு வாங்கியது. முகம் வெளுத்திருந்தது. திரும்பும் வழியில், "எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை, சாமி" என்றான்.

அவனுடைய பாட்டனாரை நாம் அறிவோம். 1961ஆம் ஆண்டில் தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பில் மூழ்கியவர். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஏழெட்டுப் பாகம் ஆழத்திற்கு இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பி பொறுக்கி வந்த மனிதர். இன்றும் கோவிலுக்கு நடந்தேதான் வருகிறார். பேரனோ பத்து நிமிட ஓட்டத்திற்குத் தாங்கவில்லை. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகையாகாது.

யோசித்துப் பார்த்தால் பையன்மீது குற்றமில்லை. நம் கடற்கரை மக்களின் உடல் உரம் பயிற்சியால் வந்ததன்று, பிழைப்பால் வந்தது. கட்டுமரத்தைக் கரையேற்றவும், தண்டு வலிக்கவும், ஈரவலையை இழுக்கவும் உடல் தானாகவே உரமேறியது. பின்னர் வல்லங்களில் இயந்திரம் பொருத்தினார்கள். இயந்திரத்தை நாம் குறை சொல்லமாட்டோம். தண்டு வலித்தவர்களுள் எத்தனை பேர் ஐம்பது வயதிலேயே முதுகு கூனிப் போனார்கள் என்பதைக் கண்டிருக்கிறோம். ஆனால் கடல் வேலை கொடுத்த உடற்பயிற்சி நின்றுபோன பிறகு அந்த இடத்தை நிரப்ப நாம் எதையும் ஏற்படுத்தவில்லை. காயல்பட்டினத்தார் தம் பிள்ளைகளுக்கு மைதானத்தை வைத்திருந்தார்கள். நாம் கைப்பேசியைக் கொடுத்தோம்.

உணவிலும் இதே கதைதான். நல்ல மீன் ஐஸ் பெட்டியில் ஏறி வெளியூர் போகிறது. அதை விற்ற காசு இரவில் பரோட்டாக் கடைக்குப் போகிறது. சாளையும் நெத்திலியும் மலிவான மீன்கள் என்று இளைஞர் முகம் சுளிக்கிறார்கள். நூறு கிராம் சாளையில் ஏறக்குறைய 20 கிராம் புரதமும், இதயத்திற்கு நன்மை செய்யும் கொழுப்பும் உண்டு. அதைக் கொடுத்துவிட்டு மைதாவை வாங்குவது நல்ல வியாபாரமாகத் தோன்றவில்லை.

இந்தத் தவற்றில் நமக்கும் பங்குண்டு. பங்கு விளையாட்டு விழாவில், ஓடிக் களைத்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு குளிர்பானப் புட்டி கொடுத்துக் கைதட்டியவர்கள் நாம்தாம். 300 மில்லிலிட்டர் கோலா பானத்தில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை, அதாவது ஏழு தேக்கரண்டிக்குமேல் இருக்கிறது. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் சேர்த்த சர்க்கரையை நிறுத்திக்கொள்வது நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. ஒரே புட்டியில் அந்த அளவைத் தாண்டிவிட்டு, பரிசென்று பெயரும் வைத்தோம்! நமக்கே ஐம்பத்திரண்டாம் வயதில் சர்க்கரை நோய் கண்டது. நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு அந்நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, அந்தக் கணக்கில் நாமும் ஒருவர் என்று எண்ணிக்கொண்டோம்.

இனிச் செய்தி. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் சராசரியாக நாள்தோறும் 60 நிமிடமாவது வியர்க்க விளையாடவோ உழைக்கவோ வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு அறிவித்தது. 2019 ஆகஸ்டு 29 அன்று மத்திய அரசு 'ஃபிட் இந்தியா' இயக்கத்தைத் தொடங்கியது. நம் மாநில அரசு 2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்தது. பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கலாகாது என்று 2020ஆம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது. நம் பள்ளி வாசலில் எத்தனை கடைகள் இருக்கின்றன என்று பெற்றோரே எண்ணிப் பார்க்கலாம்.

அரசு பாதையைக் குறிக்கும். நடப்பவன் நாமாக இருக்கவேண்டும். எனவே வரும் திங்களின் முதல் சனிக்கிழமை தொடங்கி, 13 முதல் 25 வயது வரையுள்ள நம் பங்கு இளைஞர்களுக்குக் கோவில் மைதானத்தில் உடற்பயிற்சி நடைபெறும். திங்கள், புதன், சனி ஆகிய நாள்களில் காலை 5.30 முதல் 6.30 வரை. கடலுக்குச் சென்று அதிகாலையில் திரும்பும் பிள்ளைகளுக்கு மாலை 5 மணிக்கு மற்றொரு பிரிவு உண்டு. காயல்பட்டினத்துக் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் வாரம் ஒருமுறை வந்து கற்றுத்தர இசைந்திருக்கிறார். கட்டணம் கேட்டோம்; சிரித்துவிட்டு, "அடுத்த ஆண்டு உங்கள் பையன்களை எங்கள் மைதானத்துக்கு அனுப்புங்கள்" என்றார்.

பெண் பிள்ளைகளுக்கும் உண்டா என்று தாய்மார் சிலர் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். உண்டு. பெண்கள் பள்ளியில் உடற்கல்வி கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அவர்களுக்கென்று பள்ளிக்கூட முற்றத்தில் தனி வகுப்பு நடத்துவார். "கலியாணத்துக்கு நிற்கிற பெண் ஓடினால் ஊர் என்ன சொல்லும்?" என்ற கேள்வியும் நம் காதில் விழுந்தது. நாற்பது வயதில் படியேற முடியாமல் மூட்டு வலியோடு தவிக்கும் தாய்மார் நம் பங்கில் எத்தனை பேர்? அவர்களைப்பற்றி ஊர் என்ன சொல்கிறதாம்?

பயிற்சி முடிந்ததும் சிற்றுண்டி தரப்படும். குளிர்பானம் கிடையாது. ஒருநாள் கேழ்வரகுக் கூழ், ஒருநாள் விளாத்திகுளம் பக்கத்துக் கம்பங்கூழ், ஒருநாள் அவித்த பயறு. பருவத்தில் பனங்கிழங்கும் உண்டு. உடன்குடிக் கருப்பட்டி சிறிதளவே. கருப்பட்டியும் இனிப்புத்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வீட்டில் தாய்மார் வாரம் மூன்று நாளேனும் சாளையோ நெத்திலியோ குழம்பு வைத்துத் தரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். கருவாட்டை மட்டும் அளவோடு. ஒருவருக்கு நாளொன்றுக்கு எல்லா வகையிலும் சேர்த்து உப்பு 5 கிராமுக்கு மேற்படலாகாது என்கிறார்கள். நம் கருவாட்டுக் குழம்பு அதை ஒரே வேளையில் முடித்துவிடும்.

நெஞ்சுவலி, இழுப்பு முதலிய தொல்லையுள்ள பிள்ளைகள் மருத்துவரிடம் காட்டிய பின்னரே சேரவேண்டும். நாமும் காலைப் பிரிவில் நடக்க இருக்கிறோம், ஓட வற்புறுத்தவேண்டாம்.

பெயர் கொடுக்க விரும்புவோர் ஞாயிறு திருப்பலிக்குப்பின் கோவில் வாசலில் நோட்டுப் புத்தகத்துடன் நிற்கும் இளைஞனிடம் கொடுக்கலாம். அன்று மணலில் உட்கார்ந்துவிட்டானே, அவன்தான். முதல் பெயராகத் தன் பெயரை எழுதிவிட்டு, இரண்டாவதாகத் தன் பாட்டனார் பெயரை எழுதி வைத்திருக்கிறான். வயது வரம்பைச் சொல்லி அதை அடிக்க நமக்கு மனம் வரவில்லை.