பயிர் நஷ்டஈடு: வயலுக்கு மட்டுமல்ல, கடைவீதிக்கும் உரிய விடயம்

படுவான்கரையில் வேளாண்மை அழிந்தால் அதன் நட்டம் கமக்காரரோடு நின்றுவிடுவதில்லை. பசளையும் களைநாசினியும் கடனுக்குக் கொடுத்த கடைக்காரர், நெல்லுக்கு முற்பணம் கொடுத்த ஆலைக்காரர், அறுவடைப் பணத்தை நம்பி உடுபுடைவைகளை இறக்கி வைத்த காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி வியாபாரிகள் என அனைவரது கடன் கொப்பியிலும் அது பதிவாகிறது. எனவே வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு அரசாங்கம் வழங்கும் நஷ்டஈடு எவ்வளவு, எப்போது, யாருக்கு என்ற மூன்று கேள்விகளும் எமது வர்த்தக சமூகத்துக்கும் உரியவையே.

முதலில் தொகையைப் பார்ப்போம். 2024 நவம்பர் வெள்ளத்தின் பின்னர் நெல், சோளம் உள்ளிட்ட ஆறு பயிர்களுக்கு ஏக்கருக்கு உச்சபட்சம் 40,000 ரூபா என அறிவிக்கப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் நாட்டை உலுக்கிய டித்வா புயலின் பின்னர் நெற்செய்கைக்கு ஹெக்டயருக்கு 150,000 ரூபா என்றார்கள். அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 60,000 ரூபா. இது முன்னேற்றமே. ஆனால் 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு அறிவித்த கிலோ 120 ரூபா என்ற விலையில் கணக்குப் பார்த்தால், 40,000 ரூபா என்பது 333 கிலோ நெல்லின் பெறுமதி. 60,000 ரூபா என்பது 500 கிலோவின் பெறுமதி. நல்ல போகத்தில் ஓர் ஏக்கர் தரும் விளைச்சலோடு ஒப்பிட்டால் இது சிறு பங்கே. ஆகவே இதனை இழப்பீடு என்பதைவிட மீண்டும் தொழில் தொடங்குவதற்கான முதல் என்று கொள்வதே சரி.

முதல் என்றால் அது உரிய காலத்தில் கைக்கு வர வேண்டும். 2011 ஜனவரி, பெப்ரவரி வெள்ளம் பெரும்போக அறுவடையை அண்மித்த வேளையில் வந்தது; மறுவிதைப்புக்கு இடமிருக்கவில்லை. நவம்பர் இறுதியில் வரும் வெள்ளம் அப்படியல்ல. நீர் வடிந்ததும் குறுகிய கால நெல்லினங்களை விதைத்துப் போகத்தின் ஒரு பகுதியையேனும் காப்பாற்றலாம். அந்தச் சில வாரங்களுக்குள் விதைநெல்லுக்கும் உழவுக்கும் பணம் கிடைத்தால் அது நெல்லாகும். மாதங்கள் கழித்துக் கிடைத்தால் பழைய கடனுக்குப் போய்விடும். எனவே கள மதிப்பீடு முடியும்வரை முழுத் தொகையையும் தடுத்து வைக்காமல், கமநல சேவை நிலையத்தின் பதிவை வைத்து ஒரு பகுதியை முற்பணமாக வழங்கி, மீதியை மதிப்பீட்டின் பின் கொடுப்பதே பொருத்தமானது.

அடுத்தது, யாருக்கு? இங்குதான் எமது பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டியுள்ளது. வவுணதீவிலும் பட்டிப்பளையிலும் செங்கலடியிலும் வயற்காணி வைத்திருப்போர் எல்லோரும் வயலில் இறங்குவோர் அல்லர். வர்த்தகத்தில் ஈடுபட்டுள்ள எம்மவர் சிலரும் காணியைப் போகக் குத்தகைக்குக் கொடுத்து, பணத்தை முன்கூட்டியே பெற்றுக்கொள்கின்றனர். உடன்பாடு பெரும்பாலும் வாய்ப்பேச்சுத்தான். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம் குத்தகை விவசாயியின் உரிமையை ஏற்றுக்கொள்கிறது. எனினும் பதிவேட்டில் காணிக்காரரின் பெயர் மட்டும் இருந்தால், விதைத்தவர் வெறுங்கையோடு நிற்க, குத்தகைப் பணத்தை ஏற்கனவே எண்ணி வாங்கியவருக்கு நஷ்டஈடும் போய்ச் சேரும் நிலை ஏற்படுகிறது. இது நியாயமா? விதைத்தவர் தமிழராயினும் முஸ்லிமாயினும் அந்தப் பணம் அவருக்கே உரியது. அதை எடுத்துக்கொள்வது பிறர் ஹக்கைப் பறிப்பதாகும். போகம் தொடங்கும் முன்னரே குத்தகையை எழுத்தில் வைத்து, செய்கை பண்ணுபவரின் பெயரைக் கமநல சேவை நிலையத்தில் பதிவதற்குக் காணிக்காரர் ஒத்துழைக்க வேண்டும்.

கடன் கொடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. நஷ்டஈடு வங்கிக்கு வந்த அன்றே அதைப் பழைய பாக்கிக்குக் கழித்துவிட்டால், அடுத்த போகத்துக்கு விவசாயி வேறிடத்தில் வட்டிக்கு வாங்குவார். அப்போது எமது பாக்கியும் வராது, வாடிக்கையாளரும் போய்விடுவார். நெருக்கடியிலுள்ள கடனாளிக்கு அவகாசம் கொடுக்குமாறும், விட்டுக்கொடுத்தால் அது இன்னும் சிறந்தது என்றும் எமது மார்க்கம் சொல்கிறது. பாக்கியை இரண்டு போகங்களுக்குப் பிரித்து, கூட்டு விலை வைக்காமல் அறவிடுவது இந்தப் போதனைக்கும் ஏற்றது. வியாபார புத்திக்கும் ஏற்றது.

1978 நவம்பர் சூறாவளி தொடக்கம் டித்வா வரை இப்பிரதேசத்துக்கு அனர்த்தம் புதிதல்ல, இனியும் வரும். அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதை வர்த்தக சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் ஒன்றாகச் சேர்ந்து மாவட்டச் செயலகத்தில் கேட்கட்டும். எமது கையில் உள்ளதை நாம் செய்வோம். வயல் எழும்பினால்தான் கடைவீதி எழும்பும்.